நடுவில் பள்ளம் விழுந்த சோபா

அவர் உட்கார்ந்தது சோபாவின் வலது ஓரத்தில். அக்கா உட்கார்ந்தது இடது ஓரத்தில். இதை நான் சத்தியம் செய்தே சொல்வேன். எதிரே முக்காலியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

அம்மா தேநீர் கலந்து கொண்டுவருவதற்குள் இருவரும் நடுவில் இருந்தார்கள்.

யாரும் நகரவில்லை. சோபாதான் நகர்த்தியது. நடுவில் வாணலி மாதிரி ஒரு பள்ளம். எந்த ஓரத்தில் உட்கார்ந்தாலும் ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கவைத்து உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அவருடைய வெள்ளைக் கால்சட்டையும் அக்காவின் ஊதாச் சேலையும் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் சுவரில் தொங்கிய நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதிலிருந்து கேள்வி கேட்கப்போகிறார்கள் என்பதுபோல.

எனக்குக் காது சுட்டது.

இந்தத் தொடரில் போன வாரம், பள்ளிக்கூடத் திடலில் பந்து விளையாடிய கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அது அங்கேயே கிடக்கட்டும். இரண்டு நாளாக இந்தச் சோபாதான் மண்டைக்குள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. இதை இறக்கி வைத்தால்தான் மற்றது வரும்.

அவர் பெயர் தியாகராஜன். பாகான் செராய்ப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். கமலா அக்காவுக்கும் அவருக்கும் நிச்சயம் ஆகி, கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயம். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, தைப்பிங்கில் மாறி, ஈப்போவுக்கு வந்து இறங்குவார். கையில் ஒரு பை அரிசி இருக்கும். அவருடைய அண்ணனுக்கு அங்கே அரிசி ஆலையில் வேலை. அந்த அரிசியில் ஒரு குறை கண்டுபிடிக்க நானும் எவ்வளவோ முயன்றேன். சோறு பூவாக மலர்ந்தது. அதற்காகவும் அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

மச்சான் என்று கூப்பிடச் சொன்னார் அப்பா. நான் ‘சார்’ என்றே கூப்பிட்டேன். வாத்தியாரை சார் என்றால் யார் குற்றம் சொல்ல முடியும்?

நிச்சயமான பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ளலாம், தனியாக இருக்கக் கூடாது. எங்கள் வீட்டுச் சட்டம் அது. அதனால்தான் அந்த முக்காலி. சோதனையெல்லாம் முடிந்திருந்தும், ஹாலில் உட்கார்ந்து பாடம் படி என்று மட்டும்தான் அப்பா சொன்னார். காவல் என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் பேராக் மாநிலம் முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டான். நான் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

தூசி தட்டிய கை

சோபா எங்களுடையது அல்ல. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்துடையது. ஐயா பெரிய குமாஸ்தா. அம்மா அந்த வீட்டில் துணி துவைத்து, வீடு கூட்டி, சாமான்களைத் துடைத்து வைக்கும் வேலை பார்த்தார். ஐயாவுக்குக் கோலாலம்பூருக்கு மாற்றல் வந்தபோது, இதையும் காவிக்கொண்டு போக ஏலாது, நீ எடுத்துக்கொள் பிள்ளை என்று அந்த வீட்டம்மா சொல்லிவிட்டார்.

அப்பா அதற்கு முன்பே ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து பலகை மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மில் லாரியில்தான் சோபா எங்கள் புந்தோங் வீட்டுக்கு வந்தது. கனமான மரச்சட்டம், வளைந்த கைப்பிடி, கழற்றி எடுக்கிற மாதிரி இலவம்பஞ்சு மெத்தைகள்.

அம்மா அந்தச் சோபாவை வருடக்கணக்காகத் தூசி தட்டியவர். ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. எங்கள் வீட்டில் இறக்கி வைத்ததும், பழக்கம் போகாமல் முந்தானையால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு உட்கார்ந்தார். உலை பொங்கி அடுப்பு அணைகிற சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை.

நாளாக ஆக அது எனக்கும் அக்காவுக்கும் என்று ஆகிவிட்டது.

அக்கா துணி ஆலையில் தையல் வேலை முடித்துச் சாயங்காலம் வருவாள். முகம் கழுவி, ஒரு பொட்டலம் மெங்லெம்பு கடலையோடு சோபாவின் நடுவில் வந்து காலை மடித்து உட்காருவாள். நான் பாடப் புத்தகத்தோடு அவள் தோளில் சாய்ந்துகொள்வேன். அவள் கடலை உரித்து ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. புத்தகம் பாதி என் மடியில், பாதி அவள் மடியில். நான் படிக்கும்போது துணைக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். என்னைவிட ஒரு பாசக்காரத் தம்பி கிடைப்பானா என்று அவளும் நினைத்துக்கொள்வாள் என நம்பினேன்.

ஆக, அந்தப் பள்ளம் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து உட்கார்ந்து உண்டாக்கியது. அதில் ஒருவர் பாகான் செராயிலிருந்து, இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டையோடு, பஸ் மாறி வந்து உட்காருகிறார்.

அன்று அவர் போனதும் நான் முடிவு செய்துவிட்டேன். இந்தப் பள்ளத்தை விட்டுவைக்கக் கூடாது.

எங்களுக்குத் தெரியாத ரப்பரா?

சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கடலைத் தோல், அக்காவின் கொண்டை ஊசிகள், என் பென்சில் துண்டுகள் எல்லாம் உதிர்ந்தன. மெத்தைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக அடித்திருந்த சணல் பட்டைகள் நைந்து, நடுவில் நாலைந்து அறுந்தே போயிருந்தன.

நானே சரிசெய்கிறேன் என்றேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான பாரம் ஐந்து முடித்துவிட்டு, சோதனை முடிவு வரும்வரை ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தவன் வீட்டு வேலைக்குக் கை கொடுக்கிறானே என்று. காரணத்தை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.

கடையில் புதுச் சணல் பட்டை வாங்கலாமா என்றதற்குத்தான் அவர் சிரித்தார்.

“சணலு எதுக்குடா? ரப்பர் சீட்ட வார் வாரா அறுத்து அடி. ஆன ஒக்காந்தாலும் அறாது லா.”

அப்பா தோட்டத்து ஸ்டோரில் இருந்தவர். ரப்பர் பால் வந்து இறங்குகிற இடத்தைத்தான் தோட்டத்தில் ஸ்டோர் என்போம். பாலை உறையவைத்து, மெஷினில் தட்டி, புகைவீட்டில் தொங்கவிட்டு, பழுப்பாகப் பளபளக்கிற சீட்டாக எடுத்து அடுக்குகிற வேலை. ஒரு சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவார். அம்மா பால் வெட்டியவர். சித்தப்பா இன்னமும் ஆயர் தாவார் பக்கம் ஒரு சீனருடைய சின்னத் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். ரப்பரைப் பற்றி எங்களுக்கு யார் என்ன சொல்லித் தர முடியும்?

மறுநாளே ஆயர் தாவாருக்கு பஸ் ஏறினேன்.

சித்தப்பா முதலாளியிடம் கேட்டு, நல்ல சீட்டாகப் பார்த்துச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டுவிட்டு, அவரும் அப்பா சொன்னதையே சொன்னார், யானையை மட்டும் விட்டுவிட்டு லாரி என்றார். திரும்பும்போது பஸ் முழுக்கப் புகைவீட்டு வாடை. ஸ்டோரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் அண்ணன் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவைத்தார். சன்னல் ஓரத்துக்காரர்கள் எல்லாரும் சன்னலைத் திறந்துகொண்டார்கள். எனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. மனசுக்குள் ஒருவர் சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்து, வலது ஓரத்திலேயே இருந்துகொண்டிருந்தார்.

வேலை பிரமாதமாக வந்தது. சீட்டை அகல அகலமான வார்களாக அறுத்தேன். ஒரு முனையை ஆணியடித்து, மறுமுனையை அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடிக்க, சட்டத்தில் அடித்தேன். பிறகு குறுக்கே பாய் முடைவது மாதிரி மேலும் கீழுமாகக் கோத்து அடித்தேன். தட்டிப் பார்த்தால் ‘தொம்’ என்று மத்தளச் சத்தம். மெத்தையைப் போட்டதும் அப்பா ஏறி உட்கார்ந்து ஒரு குதி குதித்தார். தூக்கிப் போட்டது. எழுந்து இன்னொரு தரம் உட்கார்ந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்து வீட்டு அக்காவும் வந்து ஒருமுறை உட்கார்ந்துவிட்டுப் போனார்.

ஆலையிலிருந்து வந்த அக்கா மட்டும் மூக்கைச் சுருக்கினாள். “என்னடா பாலா, வீடே புகைவீடு மாதிரி நாறுது.”

நாறட்டும். பள்ளம் போய்விட்டது.

மெல்ல இறங்கியது

அடுத்து அவர் வந்த ஞாயிறு நல்ல வெயில். எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மதியத்தில் ஹாலுக்குள் இருந்தால் அடுப்புக்குள் இருப்பது மாதிரி.

அவர் வலது ஓரம். அக்கா இடது ஓரம். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம். நான் முக்காலியில் காலை ஆட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் புவியியல் புத்தகத்தை உண்மையாகவே படித்தேன். அவர் மழையைப் பற்றி ஏதோ சொன்னார். தைப்பிங்கில் குடை இல்லாமல் பஸ் மாற முடியாதாம். அக்கா உம் கொட்டினாள். பேச்சு அதோடு நின்றது. எனக்கு அமிர்தமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய முழங்கால் கொஞ்சம் உயர்ந்த மாதிரி தெரிந்தது.

முழங்கால் உயரவில்லை. மனிதர் இறங்கிக்கொண்டிருந்தார்.

அக்காவும் இறங்கிக்கொண்டிருந்தாள். ஆற்றில் படகு சாய்கிற மாதிரி, சத்தமே இல்லாமல், இரண்டு மெத்தைகளும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தன. அவர் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். அக்கா எழுந்து ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்த வேகத்தில் இன்னும் ஒரு சாண் இறங்கியது. பழைய பள்ளத்துக்கு ஓர் அடித்தளமாவது இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. கடைசியில் இரண்டு பேருடைய முழங்கால்களும் தாடைக்கு நேரே வர, தோளோடு தோள் மோத, பின்புறம் சிமெண்டுத் தரையில் போய் இடித்து நின்றது.

அக்கா சிரித்தாள். என்னோடு பத்திரிகைத் துணுக்குகளைப் படித்துச் சிரிக்கிற சிரிப்பு அல்ல. மூச்சு விட முடியாமல், கண்ணில் தண்ணீர் வர, அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

அவர் எழுந்து, அக்காவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, என்னைப் பார்த்து ரொம்ப மரியாதையாகச் சொன்னார். “நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க தம்பி. வெயிலு ஜாஸ்தி.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன்.

விஷயம் இதுதான். பச்சை ரப்பருக்கு நீளத் தெரியும், பழையபடி திரும்பி வரத் தெரியாது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் அதற்கு அந்தப் புத்தி வரும். இதைப் பள்ளிக்கூட அறிவியல் சோதனையில் படம் போட்டு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அது சோதனைத்தாள் ரப்பர். இது எங்கள் வீட்டு ரப்பர். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் சனத்துக்குப் பால் தெரியும், அது உறைந்த கட்டிப்பால் தெரியும், சீட் வரைக்கும் தெரியும். சீட் லாரியில் ஏறிப் போய்விடும். அப்புறம் அது டயராகவும் சிலிப்பராகவும் கடையில் வந்து தொங்கும்போது, அது ஏதோ வேறு சாமான் என்று விலை கேட்போம். அப்பா வார்களைத் தடவித் தடவிப் பார்த்தார். சீட்டில் குற்றமில்லை, நல்ல சீட்டுதான் என்று மட்டும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒரு மேடு

இந்த முறை யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

அப்பாவின் மில்லிலிருந்து கழிவுப் பலகைகள் கொண்டுவந்தேன். ரப்பரையெல்லாம் அறுத்து எறிந்துவிட்டு, சட்டத்தின் மேல் பலகையாக அடித்தேன். அடித்து முடித்தபிறகும் மனசு ஆறவில்லை. நடுப்பலகைக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்துத் தூக்கினேன். பார்த்தால் தெரியாது. மெத்தையைப் போட்டால் நடுவில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். ஆனால் அதில் யார் உட்கார்ந்தாலும் இனி ஓரத்துக்குத்தான் சறுக்க வேண்டும்.

அந்த வேலையில் நான் பெருமைப்பட்ட அளவுக்கு அப்புறம் வேறு எதிலும் பட்டதில்லை. இன்றைக்கும் அது நல்ல யோசனை என்றுதான் சொல்வேன்.

அப்பா உட்கார்ந்து பார்த்துவிட்டு, மில் பெஞ்சே பரவாயில்லை என்றார். அம்மாவுக்கு மட்டும் ரொம்பப் பிடித்துவிட்டது. முதுகுவலிக்கு இதமாக இருக்கிறதாம்.

அவர் வந்தார். வலது ஓரத்தில் உட்கார்ந்தார். அங்கேயே இருந்தார். அக்கா இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். அங்கேயே இருந்தாள். நான் முக்காலியில் சாய்ந்துகொண்டேன். முக்காலிக்குச் சாய்மானம் கிடையாது என்பதுகூட மறந்துபோய்ச் சுவரில் தலையை இடித்துக்கொண்டேன்.

அம்மா தேநீர்த் தட்டைக் கொண்டுவந்தார். நடுமேடு வாகாக இருக்கவே அதன் மேல் வைத்துவிட்டுப் போனார். தட்டு சிந்தாமல் இருக்க அவர் அந்தப் பக்கமிருந்து ஒரு கையால் பிடித்தார், அக்கா இந்தப் பக்கமிருந்து பிடித்தாள். பிடிப்பதற்கு இரண்டு பேரும் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பியவர்கள் அப்படியே இருந்துவிட்டார்கள். இத்தனை நாள் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முதல்முறையாக நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் கேட்டார், “கமலா, படிப்ப ஏன் விட்டீங்க?”

அக்கா குவளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வீட்டில் வருமானம் நின்றுபோனதைச் சொன்னாள். ஒரு பிள்ளையைத்தான் படிக்கவைக்க முடியும் என்று ஆனதைச் சொன்னாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அடுத்து அவள் சொன்னதுதான் தெரியாது.

“தம்பி படிக்கறப்ப பக்கத்துலயே ஒக்காந்துக்குவேன். அவன் பொஸ்தகத்த அவனோட சேந்து நானும் படிச்சிட்டே வந்துட்டேன். அவன் பக்கத்தத் திருப்பறதுக்குள்ள படிச்சி முடிக்கணும். அவன் வேகமாத் திருப்பிடுவான்.”

அவர் சிரிக்கவில்லை. பாரம் மூன்று சோதனையைப் பள்ளிக்கூடம் போகாமல் தனியாகவே எழுதலாம் என்றார். தைப்பிங்கில் அதற்கு வகுப்பு நடக்கிறது என்றார். பாகான் செராயிலிருந்து பஸ் இருக்கிறது என்றார். அக்கா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். தேநீர் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை.

அந்த வகுப்புக்கு அவள் போனதும், எழுதித் தேறியதும் பின்னால் நடந்தவை. அன்றைக்கு என் கண் முன்னால் இருந்தது அக்காவின் முகம் மட்டும்தான். எனக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று இத்தனை வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்த முகம்.

நெத்திலி ஆய்ந்த நேரம்

அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனபின் அக்கா சமையலறைத் தரையில் முறத்தைப் போட்டுக்கொண்டு நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் அவள் என்னைக் கவனிக்கவில்லை. நான் எதிரே உட்கார்ந்து, எனக்கும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு கிள்ள ஆரம்பித்தேன்.

“ஏங்கா, படிக்கணும்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“நீ கேக்கலயேடா.”

“அவருகிட்ட மட்டும் சொன்ன.”

“அவரு கேட்டாரு.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். கிள்ளிய தலைகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். நான் கிள்ளியதில் பாதி சரியில்லை என்று எடுத்து மறுபடி கிள்ளினாள்.

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது விரல்விட்டு எண்ணுகிற தடவை. நான் அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். எத்தனையோ சாயங்காலம் பக்கத்திலேயே இருந்தும் நான் கேட்காததை, மனிதர் ஒரு தேநீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டார். என்னைவிட நல்லவராக இருந்து தொலைத்தார்.

கொஞ்ச நேரம் நெத்திலியைக் கிள்ளினேன். பிறகு சொன்னேன்.

“சரி. இப்பக் கேக்குறேன். அவருகிட்டகூடச் சொல்லாதது ஏதாச்சும் இருக்கா?”

அக்கா கையை நிறுத்தினாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எதற்காகக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சோபாவை நான் எதற்காகச் சரிசெய்தேன் என்பதும் அந்த நிமிஷம் புரிந்திருக்க வேண்டும். உதடு மடிந்தது. ஹால் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, மழைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதற்காக என் காதருகே குனிந்தாள். கருவாட்டு வாடையடிக்கிற கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதிலிருந்து தனக்கு இருந்த ஓர் ஆசையைச் சொன்னாள்.

“அவருகிட்ட சொல்லிடாதடா. வாத்தியாரு, சிரிப்பாரு.”

நான் சிரிக்கவில்லை.

அவள் சொன்னது என்ன என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இந்தத் தொடரை மச்சான் வாரம் தவறாமல் படிக்கிறார்.